சிறைக்குரலும் ஒப்புதலும்: மொழியாய்வு அறநெறியின் வரலாற்றில் ஒரு பகுதி

1. முன்னுரை

மருந்தின் விளைவை அறியும் பொருட்டு மனிதரை ஆய்வுக்கு உட்படுத்துவோர், அவருக்கு அனைத்தையும் விளக்கி ஒப்புதல் பெற வேண்டும் என்பது இன்று உலகெங்கும் ஏற்கப்பட்ட நெறியாகும். பேச்சைப் பதிவு செய்வோருக்கும் இந்நெறி பொருந்துமா என்ற வினா மொழியியலில் மிகவும் பிந்தியே எழுந்தது. குருதி எடுப்பதில்லை, ஊசி குத்துவதில்லை, பேசச் சொல்லிக் கேட்பதால் எவருக்கும் தீங்கு நேர்வதில்லை என்ற எண்ணமே இத்தாமதத்திற்கு முதன்மைக் காரணம் எனலாம். இவ்வெண்ணம் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை இரு பெரும் தொகுப்பு முயற்சிகளின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. ஒன்று, கிரியர்சன் நடத்திய இந்திய மொழிகளின் அளவாய்வு. மற்றொன்று, முதல் உலகப்போரின்போது செருமானியச் சிறைமுகாம்களில் நடந்த ஒலிப்பதிவுப் பணி. இரண்டிலும் இந்திய மொழி பேசுவோரின் வாய்மொழி ஆய்வுப்பொருளாயிற்று. ஒப்புதல் கேட்பதும் தருவதும் மொழியால் நிகழும் செயல்கள். ஆதலின் இவ்வரலாறு மருத்துவருக்கும் சட்ட அறிஞருக்கும் உரிய அளவுக்கு மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் உரியதாகும்.

2. மருத்துவத்தில் தோன்றிய நெறி

ஒப்புதல் பற்றிய விதிகள் 1947ஆம் ஆண்டின் நூரம்பர்க் நெறித்தொகுப்பில்தான் முதன்முதலாகத் தோன்றின என்று கூறப்படுவதுண்டு. உண்மையில் அவை அதற்கு முன்னரே பிரசியாவில் எழுத்து வடிவம் பெற்றிருந்தன. பிரெசுலவு நகரப் பேராசிரியர் ஆல்பர்ட் நைசர், மேகநோய்த் தடுப்பு ஆய்வுக்காகப் பெண்கள் சிலருக்கு அவர்கள் அறியாமலேயே ஊநீர் செலுத்திய செய்தி 1890களின் இறுதியில் வெளிவந்து பெருங்கண்டனத்தை எழுப்பியது. இதன் விளைவாகப் பிரசிய அமைச்சகம் 1900ஆம் ஆண்டில் மருத்துவமனைத் தலைவர்களுக்கு ஒரு பணிப்புரை விடுத்தது. நோய் தீர்க்கும் நோக்கமில்லாத ஆய்வுகளைச் சிறார் மீது நடத்தலாகாது. மற்றவரிடம் நேரக்கூடிய தீய விளைவுகளை விளக்கி ஐயமற்ற ஒப்புதல் பெற வேண்டும் என்பன அதன் சாரமாகும்.

இச்செய்தி இங்கு விரித்துரைக்கப்படுவதற்குக் காரணம் உண்டு. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், அதே பிரசிய அரசே சிறைக்கைதிகளின் குரலைப் பதிவு செய்யக் குழு ஒன்றை அமைத்தது. அக்குழுவின் பணிக்கு மேற்கூறிய விதி எதுவும் நீட்டிக்கப்படவில்லை. உடல் காக்கப்பட வேண்டிய ஒன்றாகக் கருதப்பட்டது. குரல் அவ்வாறு கருதப்படவில்லை.

3. கிரியர்சனின் அளவாய்வு

1894இல் அரசின் ஏற்பைப் பெற்ற இந்திய மொழிகளின் அளவாய்வு, 1903 முதல் 1928 வரை 11 தொகுதிகளாக வெளிவந்தது. 179 மொழிகளையும் 544 கிளைமொழிகளையும் அது வகைப்படுத்திக் காட்டியது. சென்னை மாகாணமும் ஐதராபாத், மைசூர் ஆகிய சமத்தானங்களும் அதன் எல்லைக்குள் வரவில்லை. ஒவ்வொரு கிளைமொழிக்கும் மூவகைச் சான்றுகள் கோரப்பட்டன. முதலாவது, விவிலியத்தில் வரும் ஊதாரி மைந்தன் உவமையின் மொழிபெயர்ப்பு. இரண்டாவது, அவ்வட்டாரத்தில் வழங்கும் கதையோ உரைப்பகுதியோ. மூன்றாவது, சொற்களும் தொடர்களும் அடங்கிய பட்டியல். மாவட்ட ஆட்சி அலுவலர்களின் வழியாகவே இவை திரட்டப்பட்டன.

உவமையின் சொற்களில் சிறு மாற்றங்கள் செய்யப்பட்டமை குறிப்பிடத்தக்கது. இந்தியரின் மனவுணர்வு புண்படலாகாது என்பதே அதன் நோக்கமாகும். எனவே, பேசுவோரின் உணர்வைப் பற்றிய அக்கறை அளவாய்வில் முற்றிலும் இல்லாதிருந்தது எனல் பொருந்தாது. ஆயினும் அவ்வக்கறை பாடத்தின் அளவிலேயே நின்றுவிட்டது. பாடத்தைச் சொல்பவர் எந்நிலையில் அதைச் சொன்னார் என்பது கருதப்படவில்லை.

இரண்டாம் வகைச் சான்றுகளில் இது தெளிவாகப் புலப்படும். அளவாய்வில் அச்சேறியுள்ள உரைப்பகுதிகளுள் சில, குற்றம் சாட்டப்பட்டோர் அளித்த வாக்குமூலங்களாகும். பேச்சு வழக்கு மாறாமல் எழுதப்பட்ட சான்று தேடிய அலுவலருக்கு வாக்குமூலம் எளிதில் கிடைத்த ஒன்றாயிருந்தது. வினைத்திரிபையும் வேற்றுமை உருபையும் ஆராய அது பெரிதும் பயன்பட்டது. அதைச் சொன்னவரோ தம் குற்றமின்மையை நிறுவவோ குற்றத்தை ஏற்கவோ பேசியவர். தம் சொற்கள் இலக்கணச் சான்றாகும் என்பது அவர் பேசியதன் நோக்கத்தில் அடங்கியதன்று. ஒரு பயனுக்காகப் பேசப்பட்டது வேறொரு பயனுக்காக எடுத்தாளப்படும்போது மீண்டும் ஒப்புதல் வேண்டுமா என்று இன்றைய அறநெறிக் குழுக்கள் எழுப்பும் வினா, இப்பக்கங்களில் விடையின்றி நிற்கிறது.

4. பிறைநிலா முகாமின் ஒலிப்பதிவுகள்

1915ஆம் ஆண்டில் பிரசிய அரச ஒலிப்பதிவுக் குழு அமைக்கப்பட்டது. உளவியலறிஞர் கார்ல் சுடும்ப் அதன் தலைவர். ஆங்கில ஆசிரியராயிருந்த வில்லெம் டேகன் பணிகளை முன்னின்று நடத்தினார். இந்தியவியலறிஞர் ஐன்ரிக் லூடர்சு உள்ளிட்ட ஏறத்தாழ 30 அறிஞர்கள் இதில் ஈடுபட்டனர். 1918ஆம் ஆண்டின் இறுதிக்குள் சுமார் 250 மொழிகளிலும் கிளைமொழிகளிலும் ஏறத்தாழ 1650 இசைத்தட்டுகள் பதிவாயின. இசைப் பதிவுகளாக மெழுகு உருளைகள் சுமார் 1000 உருவாயின. உலகின் மொழிகள் அனைத்தையும் ஒரே நாட்டில் இருந்தபடி திரட்டும் வாய்ப்பைப் போர் அளித்தது என்றே அக்குழுவினர் கருதினர்.

பெர்லினுக்குத் தெற்கே வுன்சுடார்ஃப் என்னும் இடத்தில் அமைந்த பிறைநிலா முகாமில் இசுலாமியக் கைதிகளும் இந்தியக் கைதிகளும் வைக்கப்பட்டிருந்தனர். இவர்களைப் பிரித்தானியருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் எதிராகத் திருப்புவது அம்முகாமின் அரசியல் நோக்கமாயிருந்தது. 1915இல் அங்கு மரத்தாலான பள்ளிவாசல் ஒன்றும் கட்டப்பட்டது. மொழியறிஞர்கள் இம்முகாமுக்குத்தான் ஒலிப்பதிவுக் கருவியுடன் சென்றனர்.

பதிவு முறை திட்டவட்டமானது. இசைத்தட்டில் சில மணித்துளிகளே பதிவாகும். ஆகவே சொல்ல வேண்டிய பகுதி முன்னரே தேர்ந்தெடுக்கப்பட்டு, எழுதப்பட்டு, பயிற்சியும் அளிக்கப்பட்டது. பின்னர்க் கைதி பதிவுக் கருவியின் குழல்வாய்க்கு முன் நிறுத்தப்பட்டார். கதை, பாடல், உவமை, எண்ணுப்பெயர் எனப் பலவும் பதிவாயின. பிரித்தானியக் கைதிகளிடம் பதிவு செய்யப்பட்டவற்றுள் ஊதாரி மைந்தன் உவமையும் உண்டு. கிரியர்சனின் அலுவலகம் கோரிய அதே உவமையைப் பகைநாட்டு முகாமிலும் காண்பது வியப்புக்குரியதன்று. ஒப்பிட்டு ஆராய ஒரே பாடம் வேண்டும் என்பது அக்கால மொழியியலின் பொது முறையாகும்.

ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் ஆள்விவரப் படிவம் நிரப்பப்பட்டது. பெயர், அகவை, பிறந்த ஊர், இளமையில் வாழ்ந்த இடங்கள், தாய் தந்தையரின் ஊர், தொழில், சமயம், அறிந்த மொழிகள், எழுத்தறிவு, இசைப்பயிற்சி, குரலின் தன்மை ஆகிய அனைத்திற்கும் அதில் இடம் இருந்தது. ஒப்புதலுக்கு இடம் இல்லை. களப்பணியில் பேசுவோரைப் பற்றிய விவரங்களைத் துல்லியமாகத் திரட்டும் முறைக்கு இப்படிவம் சிறந்த முன்மாதிரி. எனினும், ஒருவரைப் பற்றி அனைத்தையும் கேட்டறிந்த படிவம் அவருடைய விருப்பத்தை மட்டும் கேட்கவில்லை. சிறைப்பட்டவரின் இசைவைத் தன்விருப்பம் எனக் கொள்ளல் கூடுமா என்ற வினாவுக்கும் அதில் இடமில்லை.

5. பதிவானதும் கேட்கப்பட்டதும்

1916ஆம் ஆண்டு திசம்பர் 11ஆம் நாள், மல்சிங் என்னும் பஞ்சாபி வீரரின் குரல் இம்முகாமில் பதிவாயிற்று. அவர் 'நான்' என்று பேசவில்லை. ஒரு மனிதன் இருந்தான் என்று கதை சொல்வதுபோலத் தொடங்குகிறார். இந்துத்தானத்தில் பாலும் வெண்ணெயுமாக உண்டு வாழ்ந்த அம்மனிதன் ஆங்கிலேயரிடம் வேலைக்குச் சேர்ந்ததையும், ஐரோப்பியப் போருக்கு வந்து செருமானியரிடம் சிறைப்பட்டதையும், ஊர் திரும்ப ஏங்குவதையும் கூறுகிறார். படர்க்கையில் அமைந்த இக்கூற்று நாட்டுப்புறக் கதையின் வடிவில் தன்வரலாற்றைச் சொல்லும் உத்தியாகும்.

பதிவு செய்தோருக்கு இது பஞ்சாபி மொழியின் ஒலிச்சான்று. ஊர் திரும்ப வேண்டும் என்ற விருப்பத்தைப் பாடத்தின் உள்ளடக்கமாக அவர்கள் எழுதிக்கொண்டனர். தமக்குச் சொல்லப்பட்ட வேண்டுகோளாகக் கொள்ளவில்லை. ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்குப் பின், பிலிப் செஃப்னர் 2007இல் வெளியிட்ட ஆவணப்படம் இக்குரலைத் தேடிச் சென்றது. பெர்லின் அம்போல்ட் பல்கலைக்கழக ஒலிக்காப்பகத்தில் உள்ள இப்பதிவுகள் அதன்பின் வரலாற்றுச் சான்றுகளாகவும் கேட்கப்படலாயின. பிரிட்டா லாங்கே முதலியோரின் ஆய்வுகள் இத்திசையில் குறிப்பிடத்தக்கன. பிரித்தானிய நூலகமும் 2008இல் ஒரு பகுதிப் பதிவுகளின் எண்முறைப் படிகளைப் பெற்றது.

ஒலியனை மட்டும் நாடுவோர் பொருளைக் கடந்து செல்ல இயலும். மொழிபெயர்ப்பவருக்கு அது இயலாது. சொல்லின் பொருளை வேற்று மொழியில் வைக்கும் கணத்திலேயே, யார் யாரிடம் எதற்காகச் சொன்னார் என்ற வினாவை அவர் எதிர்கொள்கிறார். இவ்வகையில், சிறைக்குரல்களை முழுமையாகக் கேட்டவர்கள் அவற்றின் மொழிபெயர்ப்பாளர்களே எனலாம்.

6. பிற்கால நெறிகளும் மொழியியலும்

நூரம்பர்க் தொகுப்புக்குப் பின் 1964இல் எல்சிங்கி அறிவிப்பும் 1979இல் பெல்மான்ட் அறிக்கையும் வெளிவந்தன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980இல் தன் கொள்கை அறிக்கையை வெளியிட்டது; 2000, 2006, 2017 ஆகிய ஆண்டுகளில் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. 2000ஆம் ஆண்டு நெறிகளின் தலைப்பில் ஆய்வுக்கு உட்படுத்தப்படுவோர் என்ற பொருளில் அமைந்த சொல், 2006இல் பங்கேற்பாளர் என்ற பொருள்தரும் சொல்லாக மாறியது. மொழியியலில் தகவலாளர் என்ற சொல்லுக்கு மாற்றாக மொழித்துணைவர், மொழி ஆலோசகர் என்பன போன்ற சொற்களை நாடும் போக்கும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. அமெரிக்க மொழியியற் கழகம் 2009இல் ஏற்ற அறநெறி அறிக்கை, ஆய்வாளரின் பொறுப்பு தனிமனிதருக்கு மட்டுமன்றி அவர் சார்ந்த சமுதாயத்திற்கும் உரியது என வகுத்தது.

மருத்துவத்தில் உருவான படிவத்தை அப்படியே பண்புசார் ஆய்வுக்குக் கொண்டுவருவதில் இடர்ப்பாடுகள் உள. குருதி மாதிரியின் மீது பெயருக்குப் பதில் எண்ணை ஒட்டிவிடலாம். குரலை அதற்குரியவரின் ஊரார் கேட்ட மாத்திரத்தில் அறிவர். மேலும், உரையாடல் எத்திசையில் செல்லும் என்பது தொடக்கத்தில் ஆய்வாளருக்கே தெரியாது. ஆகவே ஒப்புதல் ஒருமுறை கையொப்பம் பெறுவதோடு முடிவதன்று. பதிவுக்கு முன்னும், பதிவை மீண்டும் கேட்பித்த பின்னும், வெளியிடும் முன்னும் அது புதுப்பிக்கப்பட வேண்டும்.

7. ஒப்புதலை மொழிபெயர்த்தல்

படிவத்தைத் தமிழாக்குவோர் முதற்சொல்லிலேயே தடையை எதிர்கொள்கின்றனர். 'ஒப்புதல்' என்பதைப் பொதுமக்கள் பெரிதும் கேட்பது 'ஒப்புதல் வாக்குமூலம்' என்ற தொடரில்தான். அது குற்றத்தை ஏற்பதைக் குறிக்கும். 'ஆய்வு' என்பது செய்தித்தாள்களில் அதிகாரிகள் நேரில் வந்து பார்வையிடுவதையும் சுட்டும். கைநாட்டு வைத்தலோ கடன் பத்திரத்தையும் நிலப் பத்திரத்தையும் நினைவூட்டும். அகராதிப்படி பிழையற்ற ஒரு படிவம் இவ்வாறு அச்சத்தையே விளைவித்துவிடக்கூடும். 'சம்மதம்' என்ற வழக்குச் சொல்லைக் கொள்வதும், விளக்கத்தை வாய்மொழியாகக் கூறி விடையை ஒலிப்பதிவு செய்வதும், எழுத்தறியாதவரிடம் நடுநிலைச் சாட்சியை உடன்வைத்துக்கொள்வதும் இதற்குத் தகுந்த வழிகளாம்.

2023ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதலுக்கான அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுள் ஒன்றிலோ அறியும் வாய்ப்பை அளிக்கிறது. இது வரவேற்கத்தக்க முன்னேற்றம். ஆயினும் தோடா, கோத்தா, இருளா போன்ற மொழிகள் அவ்வட்டவணையில் இல்லை. களமொழியியலார் மிகுதியும் நாடிச்செல்வது இத்தகைய மொழிகளையே. எம்மொழியைப் பதிவு செய்ய இசைவு கேட்கப்படுகிறதோ அம்மொழியிலேயே அதைக் கேட்கும் பொறுப்பு, சட்டம் சொல்லாவிடினும் ஆய்வாளரைச் சாரும்.

8. முடிவுரை

கிரியர்சனின் தொகுதிகளும் பெர்லின் இசைத்தட்டுகளும் இன்றும் மொழியறிவின் கருவூலங்களாம். அவற்றைப் பயன்படுத்தாது ஒதுக்குவதால் பேசியவருக்கு நன்மை விளையாது. அப்பகுதிகள் எந்நிலையில் பெறப்பட்டன என்பதைப் பதிப்பிலும் மொழிபெயர்ப்பிலும் தெளிவாகக் குறிப்பதும், இயலுமிடத்து அவ்வவ் வட்டாரத்து மக்களிடம் அவற்றைக் கொண்டு சேர்ப்பதும் செய்யத்தக்கன. புதிய களப்பணியில், ஆள்விவரப் படிவம் விட்டுவிட்ட அந்த ஒரு வினா முதல் வினாவாக அமைதல் வேண்டும். அதற்கு மறுப்பும் ஒரு விடையாகலாம் என்பதைக் கேட்பவர் முன்கூட்டியே ஏற்றிருத்தல் வேண்டும்.