ஏறாத வண்டி: சிற்றுருக்கள் குறித்துச் சில குறிப்புகள்

பெரும்பாணாற்றுப்படையில் ஒரு காட்சி வருகிறது. மருத நிலத்து உழவர் வீட்டுப் பிள்ளைகள் சிறு தேரொன்றை உருட்டி விளையாடுகிறார்கள். களைத்ததும் செவிலித்தாயிடம் பால் குடித்துவிட்டு மெத்தையில் தூங்கிப்போகிறார்கள். இக்காட்சியின் வளம் பற்றி எம்.ஏ. வகுப்பில் ஒரு மணி நேரம் பாடம் நடந்தது. அந்தத் தேர் எப்படிப்பட்டது என்று புலவர் சொல்லும் இடத்தில் மட்டும் யாரும் நிற்கவில்லை. தச்சர் வீட்டுச் சிறுவர்களும் ஆசைப்படும்படி செய்யப்பட்ட தேர் அது. அதில் ஏறிப்போக முடியாது, உருட்டத்தான் முடியும்.

மரபான வாசிப்பு இதைத் தேரின் அழகுக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளும். தினமும் தேர் பார்க்கும் தச்சன் பிள்ளையே மயங்குகிறான் என்றால் அது எவ்வளவு நல்ல தேராக இருக்க வேண்டும்! சரிதான். ஆனால் இதே வரியை வேறு பக்கத்திலிருந்தும் படிக்கலாம். அப்பன் செய்கிறான், வேறு வீட்டுப் பிள்ளை உருட்டுகிறது, செய்தவன் பிள்ளை பார்த்து ஏங்குகிறது. உழைப்பு, உடைமை, ஆசை மூன்றும் மூன்று திசையில் பிரிந்து கிடப்பதைப் புலவர் ஒரே வரியில் பதிவு செய்துவிட்டார். அவர் அதை நினைத்துச் செய்தாரா என்பது என் கேள்வி அல்ல. பிரதி செய்திருக்கிறது.

இதே புலவர், கடியலூர் உருத்திரங்கண்ணனார், பட்டினப்பாலையிலும் மூன்று கால் சிறுதேர் ஒன்றை உருட்டவிடுகிறார். அங்கே அதன் வழியை மறிப்பது நெல் தின்ன வந்த கோழியை விரட்டப் பெண்கள் எறிந்த பொற்குழை. குறுந்தொகையின் 61ஆம் பாட்டில் வரும் வண்டியும் தச்சன் செய்ததுதான். பிள்ளைகள் அதில் ஏறுவதில்லை, கையால் இழுத்தே இன்பம் காண்கிறார்கள். தோழி இதைத் தலைவியின் நிலைக்கு உவமையாக்கிவிடுவதால் நாம் காதலைப் பேசுகிறோம், வண்டியை விட்டுவிடுகிறோம். மதுரைக்கு அருகே கீழடியில் பகடைக்காய்களோடும் வட்டுகளோடும் சுடுமண் சக்கரங்களும் கிடைத்திருக்கின்றன. 'பாத்தீங்களா, அப்பவே!' என்று பூரிக்கிறவர்கள் பூரிக்கட்டும். அந்தச் சக்கரத்தைப் பிசைந்தவன் பிள்ளை எங்கே நின்றுகொண்டிருந்தான் என்று நான் கேட்டுக்கொள்கிறேன்.

இந்தக் கேள்வியோடு நவீன காலத்துக்கு வரலாம். மேலை நாடுகளில் கார், லாரிகளைக் குறிப்பிட்ட விகிதத்தில் சுருக்கிச் செய்வதும் சேர்ப்பதும் பெரிய பொழுதுபோக்கு. 43இல் ஒன்று, 24இல் ஒன்று என்று கணக்கு உண்டு. 43இல் ஒன்று என்ற விகிதமே பொம்மை ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நிறுத்தப் பொருந்துவதற்காக வந்தது. இது கள்ளம் கபடமற்ற விளையாட்டு என்று தோன்றும். ஆனால் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி பிரிவு 1930இலிருந்து 1968வரை ஒரு கைவினைப் போட்டி நடத்தியது. சிறுவர்கள் முதலில் நெப்போலியன் காலத்துக் கோச்சு வண்டியின் சிற்றுருவைச் செய்தார்கள். பிறகு 12இல் ஒரு பங்கு அளவில் தங்கள் கனவுக் கார்களைச் செய்தார்கள். பரிசு, கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகை. பெண் பிள்ளைகளுக்கு இடமில்லை. கம்பெனிக்கு வடிவமைப்பாளர்கள் கிடைத்தார்கள், கார்மீது ஆசை வைத்த ஒரு தலைமுறையும் கிடைத்தது. அதாவது அங்கே 'தச்சன் பிள்ளை'யின் ஏக்கம் முதலாளியத்தால் திட்டமிட்டு வளர்க்கப்பட்டது. ஏங்கினால் ஒரு நாள் வாங்கலாம் என்ற வாக்குறுதியும் கூடவே வந்தது.

பிரெஞ்சுப் பொம்மைகளைப் பற்றி ரோலான் பார்த் 1957இல் வெளிவந்த 'தொன்மங்கள்' நூலில் எழுதியது நம் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். பெரியவர்களின் உலகத்தைச் சுருக்கிக் குழந்தையின் கையில் கொடுத்துவிடுகிறார்கள், அதனால் குழந்தை உடைமையாளனாக, பயன்படுத்துகிறவனாக ஆகிறதே தவிர ஒருபோதும் படைப்பவனாக ஆவதில்லை என்பது அவர் குற்றச்சாட்டு. பாரீசுக்கு இது பொருந்தலாம். மதுரைச் சமவெளிக்கு அப்படியே பொருத்திவிட முடியாது என்று எனக்குப் படுகிறது. கட்டட வேலை, தையல், தச்சு ஆகியவற்றின் கழிவுகள்மீது குழந்தைகளுக்குள்ள ஈர்ப்பைப் பற்றி வால்டர் பெஞ்சமின் சொன்னது நமக்கு இன்னும் நெருக்கமானது.

கழிவு என்றதும் ஜப்பான் நினைவுக்கு வருகிறது. 1945 டிசம்பரில், போரில் தோற்று நாலு மாதம்கூட ஆகாத நிலையில், ஓட்சு நகரத்துப் பொம்மைக்காரர் கொசுகே மட்சுசோ அமெரிக்கச் சிப்பாய்கள் தூக்கியெறிந்த தகர டப்பாக்களைத் தட்டிச் சின்ன ஜீப்புகள் செய்தார். கியோட்டோவில் ஒரு ஜீப் பத்து யென்னுக்கு விற்றது. வென்றவனின் வண்டி, வென்றவனின் குப்பையிலிருந்து, தோற்றவனின் பிள்ளைக்கு!

நம் 'குட்டி ஜப்பான்' சிவகாசி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த கதை ஊரறிந்தது. தீப்பெட்டிக்கும் பொம்மைக் காருக்கும் உலக அளவில் ஒரு சம்பந்தம் உண்டு. லண்டனில் லெஸ்னி கம்பெனியின் ஜாக் ஓடல் தன் மகளுக்காகத் தீப்பெட்டிக்குள் அடங்கும் ரோடு ரோலர் ஒன்றைச் செய்தார் என்றும், தீப்பெட்டியில் அடங்கும் பொம்மையைத்தான் அவள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகலாம் என்று விதி இருந்தது என்றும் சொல்வார்கள். 1953இல் 'மேட்ச்பாக்ஸ்' கார்கள் பிறந்தன. அங்கே கார் தீப்பெட்டிக்குள் போனது. எங்கள் பக்கத்தில் தீப்பெட்டியே லாரியானது. உள்பெட்டியை நிமிர்த்தினால் பாரம் ஏற்றும் பகுதி, மேலுறையை வெட்டி நிறுத்தினால் டிரைவர் கேபின், பிய்ந்த ஹவாய் செருப்பிலிருந்து வெட்டிய சக்கரம், ஈர்க்குச்சி அச்சு. பின்னால் 'சவுண்ட் ஹாரன்' என்று பேனாவில் எழுதாவிட்டால் அது லாரியே இல்லை. நுங்கு வண்டியும் நாங்கள் ஓட்டியதுதான். ஆனால் அது தன்னளவில் ஒரு வண்டி, வேறு எதையும் பார்த்துச் செய்ததல்ல. தீப்பெட்டி லாரிதான் நாங்கள் செய்த முதல் 'மாடல்'.

இதில் கிராமத்து எளிமை என்று உருகிவிட வேண்டாம். சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டிப் பக்கத்தில் அந்தப் பெட்டியை ஒட்டியதும் பிள்ளைகள்தான். 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டித் தயாரிப்பை அபாயப் பட்டியலில் வைத்தது, வீட்டார் துணையோடு நடக்கும் வேலைக்கு விலக்கும் அளித்தது. வீட்டுத் திண்ணையில் ஒட்டினால் அது 'குடும்பம்'! சலம் பென்னுர்கர் 1990இல் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த விரல்களின் வேகம் மறக்காது. கூலிக்குப் பெட்டி ஒட்டிய விரலும் வண்டி செய்த விரலும் ஒன்றாகவே இருந்திருக்கலாம். 'பொழுதுபோக்கு' என்ற நம் சொல் பொழுது ஒருவனுக்குச் சொந்தமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. பொழுதையே கூலிக்குக் கொடுத்துவிட்ட பிள்ளை எதைப் போக்கும்?

இன்றைக்கு மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் சிற்றுரு வண்டிகள் செய்யும் இளைஞர்கள் பெருகியிருக்கிறார்கள். அவர்கள் விரும்பிச் செய்வது பெரும்பாலும் பஸ், அடுத்தபடி லாரி. யாருக்கும் சொந்தமில்லாத, ஆனால் எல்லோரும் ஏறும் வண்டி! பி.வி.சி. ஃபோம் ஷீட்டை வெட்டி, ஃபெவிக்விக்கில் ஒட்டி, பெயிண்ட் அடித்து, ஸ்டிக்கர் பதித்து, குட்டி எல்.இ.டி. விளக்கு வைத்து முடிக்கிறார்கள். விளாங்குடிப் பக்கம் அப்படிச் செய்யும் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பகலில் ஒர்க் ஷாப்பில் வேலை, ராத்திரியில் இது. அவருடைய பஸ் ஒன்றரை அடி நீளம். படிக்கட்டுக் கம்பி, வழித்தடப் பலகை, சீட்டின் கிழிசல்கூட இருக்கிறது. "அப்படியே இருக்கணும் சார். ஒரு எழுத்து மாறினாலும் கமெண்ட்ல கிழிச்சிருவாங்க" என்றார். பழைய 'பாண்டியன்' பஸ்களுக்கு ஆர்டர் அதிகமாம். மதுரை டி.வி.எஸ். பஸ்கள் அரசுடைமையானபின் 1972இல் உருவான கழகம் அது. சேரன், சோழன், கட்டபொம்மன், ராணி மங்கம்மாள், மருதுபாண்டியர் என்று கேட்டாலும் செய்து தருகிறார்.

இந்தப் பட்டியலைக் கேட்டதும் எனக்கு 1997 நினைவுக்கு வந்தது. அப்போது எனக்கு ஆறேழு வயது. விருதுநகரைத் தலைமையாகக் கொண்ட புதிய கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் என்று அரசு பெயர் வைத்தது. வெள்ளையரை எதிர்த்துக் கட்டபொம்மனோடு நின்றவர், தேவேந்திரகுலத்தைச் சேர்ந்தவர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஆதிக்க சாதிகளில் ஒரு பகுதியினர் கிளம்பினார்கள். தென்மாவட்டங்களில் கலவரம் வெடித்து உயிர்கள் போயின. கடைசியில் அரசு எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையும் மன்னர்கள் பெயரையும் அழித்துவிட்டு 'தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம்' என்று ஒரே பெயராக்கியது. இதற்குச் 'சமத்துவம்' என்று பெயர் சொல்லப்பட்டது. ஒரு பெயரைப் பொறுக்க முடியாமல் எல்லாப் பெயரையும் அழிப்பது என்ன வகைச் சமத்துவம் என்று அன்றே பலர் கேட்டார்கள்.

அழிந்த பெயர்கள் இப்போது ஃபோம் ஷீட்டில் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன, ஏக்கத்தின் பண்டங்களாக. வந்ததில் அந்த ஒன்று மட்டும் என் கண்ணில் படவில்லை. குறுந்தொகைப் பிள்ளைகள் ஏறாதது வண்டி சிறியதாக இருந்ததால். இங்கே ஏறாததற்குக் காரணம் வேறு. சிற்றுரு செய்கிறவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் 'அப்படியே' என்பது எதை உள்ளே விடுகிறது, எதை வெளியே நிறுத்துகிறது?

அவரிடமே கேட்டேன். சுந்தரலிங்கம் பஸ் ஒன்று செய்துதர முடியுமா?

கொஞ்ச நேரம் பேசாமல் ஒரு சக்கரத்தை உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "செய்யலாம் சார். ஆனா வீடியோ போட முடியாது. ஒர்க் ஷாப்புல நாலு விதமான ஆளும் இருக்காங்க" என்றார். முன்பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. எழுத்தின் வளைவு, கலர், நம்பர் பிளேட் எல்லாம் சரியாக வர வேண்டுமென்றால் நாலு பக்கமும் எடுத்த போட்டோ வேண்டும் என்றார். தேடித் தருவதாகச் சொல்லி வந்திருக்கிறேன்.