புறக்கடைக் கோழி வளர்ப்பு: பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள்

வீட்டுக் கொல்லையில் பத்து, இருபது கோழிகளைப் பகலில் மேயவிட்டு, இரவில் அடைத்து, முட்டைக்கும் கறிக்கும் கைச்செலவுக்குமாக வளர்ப்பது புறக்கடைக் கோழி வளர்ப்பு. 2019-இல் நடந்த 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவின் கோழியினப் பறவைகள் 85.18 கோடி. அவற்றில் சுமார் 31.7 கோடி இப்படிக் கொல்லையில் வளர்பவை. கொல்லைக் கோழிகளின் இந்த எண்ணிக்கை முந்தைய 2012 கணக்கெடுப்பைவிட ஏறக்குறைய 46 விழுக்காடு அதிகம். மொத்தக் கோழியினப் பறவைகளில் தமிழ்நாடு 12 கோடிக்கு மேல் வைத்து மாநிலங்களில் முதலிடத்தில் நின்றது. ஆனால் அந்த எண்ணிக்கையைத் தூக்கி நிறுத்துபவை நாமக்கல்லின் முட்டைப் பண்ணைகளும் பல்லடம் பக்கத்துக் கறிக்கோழிக் கொட்டகைகளும்தான். பெரம்பலூருக்கு இந்தத் தொழிலில் கிடைத்த இடம் வேறு: இது தீனி அனுப்புகிற ஊர். மாநிலத்தில் மக்காச்சோளம் மிகுதியாக விளையும் மாவட்டங்களில் பெரம்பலூர் முன்வரிசையில் இருக்கிறது. அறுவடைக் காலத்தில் சாலையோரம் நெடுகக் கதிரும் மணியுமாகக் காய்வதைப் பார்க்கலாம்.

எனவே இங்கே கோழி வாங்கப் புறப்படுபவர் போடும் முதல் கணக்கு, “தீனிக்குக் கவலையில்லை” என்பதாகவே இருக்கும். பாதிதான் சரி.

மக்காச்சோளம் மாவுச்சத்து நிறைந்தது. கோழி உடம்பு வைக்கவும் முட்டையிடவும் தேவையான புரதம் அதில் குறைவு. மேய்ச்சலில் புழு பூச்சியும் கீரையும் கிடைத்தால் அந்தக் குறை பெருமளவு தீரும். அடைத்தே வைத்திருந்தால் கடலைப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள், அசோலா என்று ஏதாவது சேர்க்க வேண்டும். குஞ்சுகளுக்குக் கரையான் பிடித்துக் கொடுப்பது பழைய வழக்கம். ஒரு மண்பானையில் ஈரச் சாணம், கந்தல் சாக்கு, ஓலைத்துண்டுகளைத் திணித்து, புற்றுக்குப் பக்கத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால் காலையில் பானை நிறையக் கரையான் ஏறியிருக்கும். காசு செலவில்லாத இந்தப் புரதத்தைக் கால்நடைத் துறையினரும் பயிற்சிகளில் சொல்லித் தருகிறார்கள்.

இன்னொரு கண்ணியும் மக்காச்சோளத்திலேயே இருக்கிறது. மழையில் நனைந்த, சரியாகக் காயாத மணியை வியாபாரி ஒதுக்கிவிடுவார்; அது கொல்லைக்கு வந்துவிடும். ஈரப்பதம் 13, 14 விழுக்காட்டுக்கு மேல் தங்கிய மணியில் பூஞ்சணம் பிடித்து, அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உருவாகக்கூடும். 1960-இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மாண்டன. தீனியில் கலந்த பூஞ்சணக் கடலைப் புண்ணாக்கே காரணம் என்று துப்புத் துலங்கியபோதுதான் உலகம் இந்த நஞ்சை அறிந்தது. கோழியின் ஈரலை இது மெல்ல அரிக்கும். முட்டை குறையும், நோயை எதிர்க்கும் சக்தி போகும், போட்ட தடுப்பூசிகூட முழுப் பலன் தராது. பூஞ்சண வாசம் அடிக்கிற சோளத்தைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தாலும் நஞ்சு முழுதாகப் போகாது. விதைப்புக் காலத்தில் வேறோர் ஆபத்து: மருந்து நேர்த்தி செய்து நிறமேற்றிய விதை. 2018-இல் படைப்புழு வந்து இப்பகுதிச் சோளக்காடுகளை அழித்த பிறகு விதைக்கும் குருத்துக்கும் மருந்து வைப்பது பரவலாகிவிட்டது. விதைத்த காட்டைக் கோழி கிளறாமல் பார்த்துக்கொள்வது உரிமையாளர் வேலை.

எந்தக் கோழி என்பதில் புதியவர்கள் பெரும்பாலும் எடையைப் பார்த்தே ஏமாறுகிறார்கள். நாட்டுக்கோழி வகைகளில் சிறுவிடை சின்ன உருவம். ஆண்டுக்கு மூன்று நான்கு ஈடு, மொத்தமாக 40 முதல் 60 முட்டைதான் வைக்கும். ஆனால் தானே அடைகாத்து, குஞ்சைக் கூட்டிக்கொண்டு மேய்ந்து, பருந்தின் நிழல் விழுந்தால் குரல் கொடுத்து ஒளித்துக்கொள்ளும். பெருவிடைக்கு உடல் பெரிது, முட்டை குறைவு. ஐதராபாத்தின் கோழி ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா போன்ற மேம்படுத்திய இனங்கள் இவற்றைவிட இரண்டு மடங்குக்கு மேல் முட்டையிடும். ஆனால் அடைக்கு உட்கார மாட்டா. அதாவது அடுத்த தலைமுறைக்கு மறுபடியும் காசு கொடுத்துக் குஞ்சு வாங்க வேண்டும், அல்லது சிறுவிடையின் வயிற்றுக்குக் கீழே அந்த முட்டையை வைக்க வேண்டும். முதல் முறை வளர்ப்பவருக்கு எட்டுப் பத்துச் சிறுவிடைப் பெட்டையும் ஒரு சேவலும் போதும். நாட்டுக்கோழிகளில் காணும் மஞ்சள் காலுக்கும் தோலுக்கும் காரணமான மரபணு தென்னிந்தியச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது. வீட்டுக்கோழியின் பூர்வீகம் பெரும்பாலும் செங்காட்டுக்கோழிதான் என்றாலும், நம் பக்கத்துக் காட்டுக்கும் அதில் பங்குண்டு.

அடைவைக்கும் கலையில் பெரியவர்கள் சொல்வதில் பெரும்பாலானது சரி. அகலமான கூடையில் மணலோ உமியோ பரப்பி, அதன்மேல் வைக்கோல் போட்டு, 10 முதல் 12 முட்டை. கூடவே ஒரு கரித்துண்டு, இரண்டு வரமிளகாய், ஓர் இரும்பு ஆணி. கரி ஈரத்தை இழுக்கும், மிளகாய் பூச்சியை அண்டவிடாது என்கிறார்கள், ஆணி இடிக்கு. இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும் என்ற அந்த நம்பிக்கைக்கு ஆதாரமில்லை, ஆனால் ஆணியால் கெடுதலும் இல்லை. ஏழாம் நாள் இரவில் டார்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பார்த்தால் கரு கூடியதில் சிவப்பு நரம்புகள் சிலந்திவலைபோல் தெரியும். கூடாததை எடுத்துவிடலாம். 21-ஆம் நாள் குஞ்சு.

தாயில்லாக் குஞ்சுகளை வாங்குபவருக்குச் சோதனை முதல் நான்கு வாரம். முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைக்கலாம். வெப்பமானி வாங்க வேண்டியதில்லை, குஞ்சே சொல்லும். விளக்கின் கீழ் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர்கிறது. ஓரத்தில் ஒதுங்கி வாயைப் பிளந்தால் வெக்கை. பரவலாகப் படுத்திருந்தால் சரி. இந்த நான்கு வாரச் சிக்கலைத் தெரிந்துதான் அரசுத் திட்டமும் அமைந்திருக்கிறது. கிராமப்புற ஏழைப் பெண்களுக்கு 50 விழுக்காடு மானியத்தில் 40 நாட்டினக் குஞ்சுகள் தரும் திட்டத்தில், ஒப்படைக்கப்படுபவை நான்கு வார வயதானவை. ஒன்றியத்துக்கு 100 பேர் என்பது கணக்கு. பெரம்பலூரில் நான்கு ஒன்றியங்கள், அரியலூரில் ஆறு. பயிற்சி வேண்டுவோருக்கு வாலிகண்டபுரத்திலும் சோழமாதேவியிலும் வேளாண் அறிவியல் மையங்கள் இருக்கின்றன.

இவ்வளவும் தேறிய பிறகு ஒரே வாரத்தில் கொல்லையைக் காலி செய்வது வெள்ளைக்கழிச்சல். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, இறக்கை தொங்கி, கழுத்து முறுக்கிக்கொண்டு சாகும். 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் தலைகாட்டிய இந்த வைரஸ் நோய், அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இமயமலைப் பகுதியின் ராணிக்கேத்தில் கண்டறியப்பட்டு அந்த ஊர்ப் பெயரையே இந்தியாவில் பெற்றது. வந்தபின் இதற்கு மருந்தில்லை. பெரம்பலூர் மாவட்டச் செட்டிகுளம் பக்கம் கைக்கெட்டும் சின்ன வெங்காயத்தோடு சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி அரைத்து உருட்டிக் கொடுப்பது சோர்ந்த கோழியைத் தேற்ற உதவலாம். அதைத் தடுப்பூசிக்கு மாற்றாக நினைத்தவர்கள்தான் அதிகம் இழந்திருக்கிறார்கள்.

முதல் வாரத்தில் கண்ணிலும் மூக்கிலும் ஒவ்வொரு சொட்டு, சில வாரம் கழித்துத் தண்ணீரில் ஒரு தவணை, எட்டாம் வாரம் இறக்கைத் தோலடியில் ஊசி: இதுதான் வழக்கமான முறை. ராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிறுவனம் இந்தத் தடுப்பு மருந்தைத் தயாரிக்கிறது. கோடைக்கு முன்னதாகப் பிப்ரவரியில் கிராமந்தோறும் கால்நடை பராமரிப்புத் துறை இருவார முகாம் நடத்திக் கட்டணமின்றிப் போடுகிறது. கவனிக்க வேண்டியது ஒன்று: இது உயிருள்ள மருந்து. ஐஸில் வைத்துக் கொண்டுவராவிட்டால் வழியிலேயே செத்துவிடும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கலந்தாலும் அதே கதி. கிணற்று நீரில் கொஞ்சம் பால்பவுடர் கலந்து கொடுப்பது நல்லது. வாரச்சந்தையில் வாங்கிய புதுக்கோழியை நேரே பழைய மந்தையோடு விடுவது நோயை விலைகொடுத்து வாங்குவதற்குச் சமம். இரண்டு வாரமாவது தனியே கட்டிப்போட வேண்டும்.

இரவு அடைப்புக்குப் பஞ்சாரமோ, கம்பிவலை வைத்த மரக்கூண்டோ போதும். கீரியும் காட்டுப்பூனையும் நுழையாத அளவுக்கு அடி உறுதியாக இருந்தால் சரி.

தோல் முட்டை விழத் தொடங்கினால் சுண்ணாம்புச் சத்துக் குறைவு. ஒரு முட்டையோட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது, அதைக் கோழி தீனியிலிருந்தே எடுத்தாக வேண்டும். கிளிஞ்சல் குருணையைத் தனிச் சட்டியில் வைத்தால் வேண்டிய கோழி வேண்டியமட்டும் கொத்திக்கொள்ளும். அரியலூர் சிமெண்ட் ஆலைகள் தோண்டுவதும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்த நிலத்தில் சிப்பியும் கிளிஞ்சலும் படிந்து இறுகிய சுண்ணாம்புக்கல்தான்.

விற்பனைக்கு அலைய வேண்டியதில்லை, ஆள் வீடு தேடி வருவார். நாட்டுச் சேவல் ஒன்றேகால் கிலோ தேற ஐந்தாறு மாதம் பிடிக்கும். புரட்டாசியில் கறிக்கு ஆளிருக்காது, கார்த்திகையில் மாலை போட்டவர்கள் பெருகிவிடுவார்கள், விலை இறங்கும். தீபாவளிக்கும் மாட்டுப் பொங்கலுக்கும் ஏறும். ஆடி மாதத்தில் அம்மன் கோயில் படையலுக்குச் சேவல் தேடுவோர் நிறம் பார்த்து எடுப்பார்கள். அதனால் மாசியில் பொரித்த குஞ்சு ஆடிக்கும், வைகாசியில் பொரித்தது தீபாவளிக்கும் கைக்கு வரும்படி அடைவைப்பவர்கள் எடைக்குப் பேரம் பேசாமல் உருப்படிக்கு விலை சொல்கிறார்கள்.