கோழித்தீனியும் நுண்ணுயிர்க்கொல்லியும்: ஒரு வரலாற்று நோக்கு

1948ஆம் ஆண்டின் இறுதியில், நியூயோர்க் மாநிலத்தின் லெடேர்லி ஆய்வுகூடத்தில் தோமஸ் ஜூக்ஸ் என்பார் கோழிக்குஞ்சுகளுக்கு விற்றமின் பீ12 நிறைந்த மலிவான தீனியொன்றைத் தேடிக்கொண்டிருந்தார். ஓரியோமைசின் என்னும் மருந்தைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய நொதித்த கழிவை உண்ட குஞ்சுகள் ஏனையவற்றிலும் விரைந்து வளர்ந்தன. கழிவில் தங்கியிருந்த மருந்தே இதற்குக் காரணமென்பது 1950ஆம் ஆண்டளவில் தெளிவாயிற்று. அடுத்த ஆண்டிலேயே, மிருக வைத்தியரின் சிட்டையின்றித் தீனியிற் கலக்க அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இசைவளித்தது. 1955இல், உரித்த கோழியை மருந்துக் கரைசலில் அமிழ்த்தி விற்பதற்கும் அனுமதி கிட்டியது. கெடாத இறைச்சி என்னும் பெயரோடு சந்தைக்கு வந்த இம்முறை 1966இல் கைவிடப்பட்டது.

சிற்றளவில் நெடுநாள் இடப்படும் மருந்து வலுவற்ற பற்றீரியாக்களையே அழிக்கிறது; எதிர்ப்பாற்றல் உடையவை எஞ்சிப் பெருகுகின்றன. அவ்வாற்றல் ஓர் இனத்திலிருந்து வேறோர் இனத்துக்குத் தாவவல்லது என்பதை யப்பானிய ஆய்வாளர் வயிற்றளைச்சற் கிருமிகளிற் கண்டறிந்தனர். வதனாபே 1963இல் எழுதிய கட்டுரையின் வாயிலாகவே மேலைநாட்டார் பலர் இதனை அறிந்தனர். பிரித்தானியாவில் சுவான் குழு, மனிதருக்குப் பயன்படும் மருந்துகளை வளர்ச்சிக்காகத் தீனியிற் கலத்தலாகாதென 1969இல் விதந்துரைத்தது.

பண்ணையில் நிகழ்வது மனிதரை எட்டுமா என்ற வினாவுக்கு விடை தேடியவர் ஸ்ரூவட் லெவி. பொஸ்ரன் நகருக்கு அணித்தான குடும்பப் பண்ணையொன்றில், கோழிகளுட் சிலவற்றுக்கு ஓட்சிடெற்றாசைக்கிளின் கலந்த தீனியையும் ஏனையவற்றுக்கு வெறுந்தீனியையும் இட்டார். ஒரு வாரத்துள் மருந்துண்ட கோழிகளின் குடற்கிருமிகள் ஏறத்தாழ முழுவதும் எதிர்ப்பாற்றல் பெற்றன. ஐந்தாறு மாதங்களில் பண்ணை மக்களின் மலமாதிரிகளில் 31.3 வீதமானவற்றில், பற்றீரியாக்களுள் எண்பது வீதத்துக்கு மேற்பட்டவை அம்மருந்துக்கு அடங்காதனவாயின. அயலவரிடத்து இது 6.8 வீதமே. மருந்து இடப்பட்டதோ கோழிகளுக்கு மட்டுமே. 1976இல் வெளிவந்த இவ்வாய்வுக்குப் பொருளுதவியது மிருக மருந்து உற்பத்தியாளரின் சங்கமே என்பதும் ஈண்டு நோக்கற்பாலது.

1977இல், பெனிசிலினையும் டெற்றாசைக்கிளினையும் தீனியிலிருந்து நீக்க அமெரிக்க நிர்வாகம் முனைந்தது. சட்டமன்றத்தின் தடையால் அம்முயற்சி முடங்கியது. மாறாக, 1995இல் புளோரோகுயினோலோன் என்னும் புதிய வகை மருந்துக்கும் கோழிப்பண்ணையின் கதவு திறக்கப்பட்டது. கோழியிறைச்சி வழியே பரவி வயிற்றோட்டத்தை விளைவிக்கும் கம்பைலோபக்ரர் இம்மருந்தை எதிர்த்து நிற்கத் தொடங்கியமையால், 2000இல் அனுமதியை நீக்க முன்மொழியப்பட்டது. உற்பத்தியாளர் வழக்காடினர். அனுமதி நீங்கியது 2005இல். இதற்கிடையே, 2002 முதல் கடைகளில் விற்கப்படும் பச்சை இறைச்சியையும் அரசு ஒழுங்காகச் சோதிக்கத் தலைப்பட்டது.

சுவீடன் 1986இலும் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006இலும் வளர்ச்சிக்காக நுண்ணுயிர்க்கொல்லி இடுதலைத் தடைசெய்தன. அமெரிக்காவில், மனித மருத்துவத்துக்கு இன்றியமையாத மருந்துகள் அளவில் அது 2017இலேயே முடிவுற்றது. முதல் முயற்சிக்கும் இதற்குமிடையே நாற்பது ஆண்டுகள்! நோய்த்தடுப்பு என்னும் பெயரால், மிருக வைத்தியரின் மேற்பார்வையில் அம்மருந்துகளைத் தீனியிற் கலத்தல் அங்கு இன்றும் சட்டத்துக்கு முரணன்று.