மைக்செட் முதல் மிக்ஸர் வரை

தஞ்சாவூர்க்காரனிடம் மிக்ஸர் என்றால் ஓமப்பொடியும் கடலையும்தான் முதலில் ஞாபகம் வரும். நான் எழுத வந்தது பலகாரக் கடை மிக்ஸரைப் பற்றி அல்ல. நம் கல்லூரி ஆண்டு விழா மேடைக்குப் பக்கத்தில் மேஜை போட்டு வைத்திருப்பார்களே, அந்த ஒலி மிக்ஸரைப் பற்றி. மலர்க் குழு நண்பர்கள், "நம்ம ஊரைப் பத்தி ஏதாவது வரலாறு எழுதுப்பா" என்றார்கள். பெரிய கோயிலுக்கும் கல்லணைக்கும் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். மைக்செட்டுக்கு யார் இருக்கிறார்கள்? அதனால்தான் இந்தத் துணிச்சல்.

திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16-இல் தொடங்கியது. அதற்கடுத்த ஆண்டு டெல்லியில் அஹுஜா நிறுவனம் பிறந்தது. பின்னாளில் எங்கள் பக்கத்து சவுண்ட் சர்வீஸ்களில் ஆம்ப்ளிஃபையருக்கு மறுபெயரே அஹுஜா என்றாகிவிட்டது. ரேடியோ பாட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தது என்றால், மைக்செட் அதை வயலுக்கே கொண்டுபோனது. நாற்றுப் பறித்துக்கொண்டே பக்கத்து ஊர்க் கல்யாணப் பாட்டைக் கேட்டவர்கள் நம் அம்மாக்கள்.

அந்தக் குழாய் ஸ்பீக்கரில் பொறியியல் நிறைய இருக்கிறது. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 105 டெசிபெல்லுக்குக் குறையாமல் கத்தும். பெட்டி ஸ்பீக்கர் பலவும் 95-ஐ ஒட்டித்தான் நிற்கும். அந்தப் பத்து டெசிபெல்லை ஈடுகட்டப் பத்து மடங்கு வாட் வேண்டும்! குழாயில் தவில் அடி கனமாகக் கேட்காது. ஆனால் மனிதக் குரல் தெளிவாகப் போய்ச் சேரும். மின்சாரம் கொண்டுபோவதில் நாம் படித்த அதே தத்துவத்தில், 100 வோல்ட் லைன் போட்டு, மெல்லிய ஒயரிலேயே வாய்க்கால் கரை நெடுகத் தெருக்கோடி வரை இழுத்துவிடுவார்கள்.

இசைத்தட்டுக் காலத்தில் தட்டு சுழற்றும் பெட்டி பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். 78 சுற்றுத் தட்டு மூன்று நிமிடம் சொச்சத்தில் முடிந்துவிடும். அடுத்த தட்டை வைக்கும்வரை ஊரே அமைதி. அந்த இடைவெளியில்தான் "மணப்பெண்ணின் தாய்மாமன் எங்கிருந்தாலும் உடனே பந்தலுக்கு வரவும்" என்ற அறிவிப்பு வரும். பிறகு கேசட் வந்தது, சி.டி. வந்தது; குழாய் போய்ப் பெட்டி வந்தது. 2000-இல் ஒலி மாசு விதிகள் வந்து, இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடும் வந்தது.

பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் உள்ள அந்த அமைதியை ஒழிக்கப் பிறந்ததுதான் டி.ஜே. மிக்ஸர். 1971-இல் நியூயார்க்கில் ஹேவன் என்ற நடன விடுதிக்காக அலெக்ஸ் ராஸ்னர் என்ற பொறியாளர் ஒன்றைச் செய்துகொடுத்தார். ஒரு தட்டு ஊருக்குப் பாடும்போதே அடுத்த தட்டை ஹெட்ஃபோனில் கேட்டுத் தயார் செய்துகொள்ளலாம். சூட்சுமம் அவ்வளவுதான். பிறகு போஸாக் மிக்ஸர், 1982-இல் யூரெய் 1620 என்று வட்டக் குமிழ் வைத்தவை புகழ்பெற்றன. இழுக்கும் பட்டன் வைத்த புது ரகங்கள் வந்ததும் பல விடுதிகள் பழையதைத் தள்ளிவிட்டுப் புதியதுக்கு மாறின. வேடிக்கை என்னவென்றால், சில வருடங்களில் அதே பழைய குமிழ் மிக்ஸரைத் தேடிப்பிடித்து அதிக விலைக்கு வாங்க ஆள் வந்தது.

இந்த எக்ஸ்சேஞ்ச் கதை எங்கள் ஊருக்கும் வந்தது. ஒரத்தநாட்டுப் பக்கம் எங்கள் ஊரில் மைக்செட் வைத்திருக்கும் அண்ணன்தான் 2009-இல் நம் ஆண்டு விழாவுக்கும் சவுண்ட் போட்டார். அப்போதுதான் இரண்டு சேனல் டி.ஜே. மிக்ஸர் ஒன்றைப் பழையதாக வாங்கியிருந்தார். நடுவில் உள்ள பட்டனை இழுத்தால் 'கரகர'வென்று சத்தம் வரும். முதல்வர் பேச எழுந்திரிப்பதற்குள் அதைக் கழற்றி, ஸ்ப்ரே அடித்து, துடைத்து மாட்டிவிட்டார். நம் வகுப்பு மாணவர்கள் கைதட்டியது முதல்வருக்கா, அண்ணனுக்கா என்று இன்றுவரை தகராறு இருக்கிறது.

2017-இல் அவரிடமிருந்து போன் வந்தது. "தம்பி, திருச்சியில ஒரு கடையில நாலு சேனல் மிக்ஸர் இருக்கு. நம்ம பழசை எடுத்துக்கிறேங்கிறாங்க. ஆனா அப்பா காலத்து ஆம்ப்ளிஃபையரையும் ரெண்டு குழாயையும் சேத்துக் கேக்குறாங்க. நீங்க இன்ஜினியரு, என்ன சொல்றீங்க?"

அவருக்கும் நெருக்கடிதான். அறுவடை முடிந்து கையில் காசு இருந்தால்தான் ஊரில் கல்யாணமும் திருவிழாவும். 2012 முதல் 2019 வரை எட்டு வருடம் மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறக்க முடியவில்லை. குறுவை போனால் மைக்செட்டும் போச்சு. கிடைக்கிற ஒன்றிரண்டு விழாவிலும் பையன்கள் டி.ஜே.தான் கேட்கிறார்கள். நான் யோசிக்காமல், "அது பழைய இரும்புண்ணே, குடுத்துடுங்க" என்றேன். அவருடைய அப்பா சம்மதிக்கவில்லை. கடைசியில் கையிலிருந்து கொஞ்சம் பணம் சேர்த்து, மிக்ஸருக்கு மிக்ஸர் மட்டும் மாற்றிக்கொண்டார். எனக்கு அந்தப் பெரியவர் மேல் வருத்தம்கூட இருந்தது.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைத் தென்னைகள் சாய்ந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கரண்டு இல்லை, போன் இல்லை. மூன்றாம் நாள் நான் சென்னையிலிருந்து வந்து, சாய்ந்த மரங்களைச் சுற்றிக்கொண்டு ஊருக்குள் நடந்தபோது முதலில் காதில் விழுந்தது குழாய் ஸ்பீக்கரின் குரல். "தண்ணி லாரி மாரியம்மன் கோயில்கிட்ட நிக்குது. கொடம் எடுத்துட்டு வாங்க. அறுந்து கெடக்குற கம்பியை யாரும் தொடாதீங்க."

அந்தப் பழைய ஆம்ப்ளிஃபையர் 12 வோல்ட் பேட்டரியிலும் ஓடும். அண்ணன் டிராக்டர் பேட்டரியில் அதை மாட்டி, குழாயை மாட்டு வண்டியில் கட்டித் தெருத்தெருவாகப் போய்க்கொண்டிருந்தார். நாலு சேனல் மிக்ஸர் உறை பிரிக்காமல் வீட்டில் இருந்தது. அதற்கும் பெட்டி ஸ்பீக்கர்களுக்கும் ஜெனரேட்டர் வேண்டும். டீசலுக்கே அங்கே வரிசை. எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வந்த செய்தி எங்கள் அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்தது நான் 'பழைய இரும்பு' என்று சொன்னதன் வழியாகத்தான். பெரியவரிடம் போய், "நான் சொன்னது தப்புய்யா" என்றேன். "அதுக்கென்ன, காப்பி சாப்பிடு" என்றார்.

புதிய மிக்ஸரை நான் குறை சொல்லவில்லை. 2020-இல் மேட்டூர் மறுபடி ஜூன் 12-இல் திறந்தது. திருவிழாக்கள் திரும்பியபோது அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டது அந்த மிக்ஸர்தான். இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன். நாளை நீங்களும் ஒரு ஆலைக்கோ அலுவலகத்துக்கோ "பழசைக் குடுத்துடுங்க" என்று எழுதிக்கொடுக்கும் இடத்துக்கு வருவீர்கள். அப்போது, கொடுக்கப்போகும் பொருள் என்னென்ன வேலை செய்கிறது என்று அதை வைத்திருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள். நான் கேட்கவில்லை. நல்ல வேளை, என் பேச்சை அவர்களும் கேட்கவில்லை!