தெம்பே: இறைச்சிக்கு ஈடான ஜாவாவின் சோயா உணவு

தெம்பே என்பது சோயா அவரையைப் பூஞ்சையால் நொதிக்கவைத்துச் செய்யப்படும் இந்தோனேசிய உணவாகும். இது ஜாவாத் தீவில் தோன்றியது. 100 கிராம் தெம்பேயில் ஏறத்தாழ 19 கிராம் புரதம் உள்ளது. சமைக்காத மாட்டிறைச்சியில் உள்ள அளவும் இதற்கு நெருக்கமானதே. இறைச்சி வாங்க இயலாத ஜாவானியக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இதை நம்பி வாழ்ந்தன.

செய்முறை

சோயாவை ஊறவைத்து, தோல் நீக்கி, வேகவைத்து, நீரை வடித்து ஆறவிடுவர். பின் ரைசோபஸ் என்னும் பூஞ்சையின் வித்துகளைக் கலந்து வாழையிலையில் பொதிவர். ஜாவாவின் வெப்பத்தில் இரண்டு நாளுக்குள் வெண்ணிற இழைகள் பருப்புகளுக்கிடையே பரவி, அவற்றைக் கத்தியால் துண்டு போடக்கூடிய கட்டியாக இறுக்கிவிடும். தயிருக்கு உறை ஊற்றுவதுபோல, பழைய பொதியின் இலையில் ஒட்டிய வித்துகளே அடுத்த பொதிக்கு உறையாகும். பூஞ்சை என்றதும் முகம் சுளிக்கத் தேவையில்லை. அதன் நொதிகள் புரதத்தை முன்கூட்டியே உடைத்துச் செரிமானத்தை எளிதாக்குகின்றன. வேகும் நேரமும் விறகும் மிச்சம்.

இட்லியின் நுட்பம் இந்தோனேசியாவிலிருந்து வந்திருக்கலாம் என்று உணவு வரலாற்றாளர் கே. டி. அச்சயா கருதினார். அதற்கு உறுதியான சான்று இல்லை. மேலும், இட்லி மாவைப் புளிக்கவைப்பவை பெரும்பாலும் பாக்டீரியாக்கள். தெம்பேயில் அவ்வேலையைச் செய்வது பூஞ்சை.

வரலாறு

1815 அளவில் எழுதப்பட்ட 'செரத் செந்தினி' என்னும் ஜாவானிய நூலில் தெம்பே குறிப்பிடப்படுகிறது. 1830 முதல் டச்சு அரசு கட்டாயப் பயிர்முறையைக் கொண்டுவந்தது. கிராமத்தார் தம் நிலத்தின் ஒரு பகுதியில் கரும்பு, அவுரி போன்றவற்றை அரசுக்காக விளைவிக்க நேர்ந்தது. மக்கள்தொகை பெருக, மேய்ச்சலுக்கும் வேட்டைக்கும் இடம் சுருங்கியது. அக்காலத்தில் மக்களை ஊட்டக்குறைவிலிருந்து காத்தது தெம்பே என்பது வரலாற்றாளர் ஓங் ஹாக் ஹாமின் கருத்து. நெல் அறுவடைக்குப் பின் அதே வயலில் சோயாவை விளைவிக்க முடிந்தது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போரில் ஜாவாவிலிருந்த ஜப்பானிய முகாம்களில் கைதிகளுக்குச் சோயா கிடைத்தது. வயிற்றுக்கடுப்பால் நலிந்தவர்களுக்கு வேகவைத்த சோயா செரிக்கவில்லை, தெம்பே செரித்தது. முகாமிலிருந்த டச்சு அறிவியலாளர்கள் இதைக் கவனித்தனர். போருக்குப் பிந்தைய ஆய்வுகளுக்கு இதுவும் ஒரு தூண்டுதல்.

இவ்வளவு செய்த உணவுக்கு ஊரில் மதிப்பில்லை. 'தெம்பே நாட்டினர்' என்றால் உறுதியற்றவர்கள் என்று பொருள். அப்படி ஆகிவிடாதீர்கள் என்று அதிபர் சுகர்ணோவே மேடையில் எச்சரித்தார். பசியாற்றிய பண்டத்தையே வசைச்சொல்லாக்குவது எந்நாட்டிலும் காணக்கூடியதுதான்.

நச்சுத் தெம்பே

மலிவுக்கும் ஓர் எல்லை உண்டு. நடு ஜாவாவின் பன்யுமாஸ் பகுதியில், எண்ணெய் அல்லது பால் பிழிந்தபின் எஞ்சும் தேங்காய்ச் சக்கையிலும் தெம்பே செய்தனர். இதற்கு 'போங்க்ரெக்' என்று பெயர். சோயாவைவிட விலை குறைவு. ஆனால் தேங்காய்ச் சக்கையில் ஒருவகைப் பாக்டீரியா வளர்ந்தால் போங்க்ரெக் அமிலம் என்னும் கொடிய நஞ்சு உண்டாகும். சமைத்தாலும் அது அழியாது. 1930களின் பொருளாதார மந்தத்தில், கைதேர்ந்தவர்களிடம் வாங்கக் காசில்லாமல் மக்கள் வீட்டிலேயே செய்யத் தொடங்கியபோது நச்சுச் சாவுகள் பெருகின. 1988இல் அரசு இதற்குத் தடை விதித்தது. சோயாத் தெம்பேக்கு இந்த வரலாறு இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

விலைச் சிக்கல்

1992இல் இந்தோனேசியாவில் சுமார் 18 லட்சம் டன் சோயா விளைந்தது. அதன்பின் விளைச்சல் சரிந்தது. இறக்குமதி சோயா, பெரும்பாலும் அமெரிக்காவினுடையது, அதன் இடத்தைப் பிடித்தது. 2008 ஜனவரியில் உலகச் சந்தையில் விலை ஏறியதும் தெம்பே, தோஃபு செய்வோர் ஆயிரக்கணக்கில் ஜகார்த்தாவில் அதிபர் மாளிகை முன் திரண்டனர். அரசு இறக்குமதி வரியை நீக்கியது. 2012இலும் 2021இலும் மறுபடி விலையேற்றம், மறுபடி வேலைநிறுத்தம்.

உலகில் விளையும் சோயாவில் சுமார் முக்கால் பங்கு கால்நடைத் தீவனமாகிறது. தீவனத்தில் உள்ள புரதத்தின் சிறு பகுதியே இறைச்சியாக மனிதனுக்குத் திரும்புகிறது. தெம்பே செய்பவர் அதே பருப்பை நேரடியாகத் தட்டில் வைக்கிறார். ஆயினும் அதை வாங்க அவர் போட்டியிடுவது கோழிப்பண்ணைகளுடனும் பன்றிப்பண்ணைகளுடனும்தான். விலை ஏறும்போது பல தெம்பேக் கடைகளில் விலையை ஏற்றுவதில்லை. கட்டியைச் சற்று மெலிதாக்கி விற்கிறார்கள்.