உமது இலக்கம் எங்கே?



போன மாதம் ஒரு மாணவிக்குக் கிடைக்கவிருந்த உதவிப் பணம் கைநழுவிப் போகப் பார்த்தது. உதவ இணங்கியவரோடு ஆறு வாரமாக மின்னஞ்சலில் பேசி வந்தோம். வங்கி விபரம் கேட்டு அவர் எழுதிய கடிதம் பழைய உரையாடலோடு சேராமல், வேறு தலைப்பில் தனியாகக் கிடந்தது. நானோ பழையதையே திறந்து பார்த்து, "இன்னும் பதில் இல்லை" என்று பிள்ளையின் உம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். முடிவுத் திகதிக்கு முதல்நாள்தான் அது கண்ணில் பட்டது.

ஏன் இப்படி நடக்கிறது என்று தேடியபோது கிடைத்த வரலாறு இது.

நமது அரச கடிதங்களின் மேலே "எனது இல.", "உமது இல." என்று இரண்டு இடம் இருக்கும். பதில் எந்தக் கோவைக்குப் போக வேண்டும் என்பதை அதுதான் சொல்லும். மின்னஞ்சலுக்கும் அதேதான்.

வலையமைப்பு வழியான முதல் மின்னஞ்சலை ரே டொம்லின்சன் 1971இல் அனுப்பினார். 1977 நவம்பரில் வெளிவந்த ஆர்எஃப்சி 733 என்ற விதி ஆவணத்தில் மூன்று வரிகள் இருந்தன. மெசேஜ்-ஐடி: எனது இலக்கம். இன்-ரிப்ளை-டு: உமது இலக்கம். ரெஃபரன்சஸ்: தொடர்புடைய முன்னைய கடிதங்களின் இலக்கங்கள். ஆனால் இவை கட்டாயமில்லை. 1982இல் வந்த ஆர்எஃப்சி 822உம் இலக்கத்துக்குப் பதிலாக "உங்கள் செவ்வாய்க்கிழமைக் கடிதம்" என்பதுபோல் எழுத இடம் கொடுத்தது. மனிதனுக்கு அது விளங்கும், கணினிக்கு விளங்காது.

யூஸ்நெட் என்ற பொது உரையாடல் வலையமைப்பு இதில் கண்டிப்பாக இருந்தது. அதன் 1983ஆம் ஆண்டு விதிப்படி, பதில் எழுதினால் முன்னைய இலக்கம் கட்டாயம். புதிய விடயம் தொடங்கினால் அந்த இலக்கத்தைப் போடவே கூடாது.

அறுந்த இழையை ஒட்டும் வழியை நெட்ஸ்கேப் நிறுவனத்தில் ஜேமி ஸாவின்ஸ்கி 1990களில் உருவாக்கினார். நடுவில் ஒரு கடிதம் காணாமல் போனால், அதற்கென ஒரு வெற்று இடம் விட்டு மற்றவற்றை ஒழுங்காக அடுக்குவது அவரது முறை. 2008இல் வந்த ஆர்எஃப்சி 5256 அதையே அடிப்படையாகக் கொண்டது. 2004இல் வந்த ஜிமெயில், உரையாடலை ஒரே கட்டாகக் காட்டுவதை எல்லோருக்கும் பழக்கியது. ஆனால் தலைப்பு மாறினாலோ கடிதங்கள் நூறைத் தாண்டினாலோ அந்தக் கட்டு பிரிந்துவிடும்.

எங்கள் விடயத்தில் நடந்தது எளிது. அவர் "பதில்" பொத்தானை அழுத்தாமல் புதிய கடிதமாக எழுதியிருந்தார். "உமது இல." வெறுமையாக இருந்தது.

ஆகவே பள்ளிவாசல் நிர்வாகம், பழைய மாணவர் சங்கம், பெற்றோர் குழு என்று மின்னஞ்சலில் வேலை பார்ப்பவர்களுக்கு:

1. அதே விடயத்துக்குப் "பதில்" பொத்தானையே அழுத்துங்கள். தலைப்பை மாற்றாதீர்கள்.

2. புதிய விடயத்துக்குப் புதிய கடிதம் எழுதுங்கள். பழைய கடிதத்தைத் திறந்து அதன்மேல் எழுதினால், சில மென்பொருள்களில் அது பழைய கட்டுக்குள் புதைந்துவிடும்.

3. இழை அறுந்துவிட்டால் ஜிமெயிலில் அதைக் கையால் ஒட்ட முடியாது. இரண்டு கட்டுக்கும் ஒரே லேபிளைப் போட்டு வையுங்கள். ஒரே கோவையில் போட்ட மாதிரி.

4. பதில் வரவில்லை என்று முடிவெடுக்க முன்னர், அனுப்புநரின் பெயரைப் போட்டு ஒருமுறை தேடுங்கள்.

நான்காவதை நான் முதல் வாரமே செய்திருந்தால், அந்த உம்மா அத்தனை நாள் தவித்திருக்க மாட்டார்.