ஒட்டு

விடிகாலையில் பால்மரம் வெட்டப் போகிறவர், உளியை வைப்பதற்கு முன் முந்தின வெட்டுக்கோட்டில் காய்ந்து கிடக்கும் ரப்பர் நாடாவை நகத்தால் கிளப்பிச் சர்ரென்று உரிப்பார். அதுதான் ஒட்டுப்பால். மங்குக்குள் சொட்டாமல் பட்டையிலேயே தங்கிவிட்ட மிச்சம். ஷீட் ரப்பரைவிட விலை குறைவு என்றாலும் யாரும் விட்டுவிட்டுப் போவதில்லை. மலேசியாவில், கெடா மாநிலத்தின் தென்கிழக்கில், தாய்லாந்து எல்லையை ஒட்டிய பாலிங்கில் ரப்பர் வாசனையோடு புழங்கிய சொல் இது.

‘ஒட்டு’ என்ற சொல்லோ ரப்பருக்குப் பல நூற்றாண்டு மூத்தது. கிழிந்த கைலியில் வைத்துத் தைத்தால் ஒட்டு. வீட்டோடு சேர்ந்த குறுந்திண்ணை ஒட்டுத்திண்ணை. பந்தயம் கட்டினாலும் ஒட்டு. 826ஆம் குறளில் ‘ஒட்டார்’ என்றால் பகைவர். விகுதிமேல் விகுதி சேர்த்துப் பேசுவதால் தமிழையே ஒட்டுநிலை மொழி என்கிறார்கள் மொழியியலார். (தேர்தலில் போடும் ஓட்டு வேறு, அது ஆங்கிலம் தந்த நெடில்.) பழுதுபார்ப்பதில் கண் பழுதின்மேல் இருக்கிறது, ஒட்டுப்போடுவதில் புதிதாக வந்து சேரும் துண்டின்மேல்.

தோட்டம் இந்தச் சொல்லுக்கு இன்னொரு வேலையும் கொடுத்தது. 1910களில் ஜாவாவில் டச்சுக்காரர்கள் ரப்பர்க் கன்றில் மொட்டு ஒட்டும் முறையைக் கண்டுபிடித்தார்கள். நாற்றின் பட்டையில் ஜன்னல்போல் கீறி, அதிகப் பால் தரும் மரத்தின் மொட்டோடு கூடிய பட்டைத் துண்டை உள்ளே செருகி, நாடாவால் இறுக்கிக் கட்ட வேண்டும். மூன்று வாரம் கழித்து அவிழ்த்துப் பார்த்தால் துண்டு பச்சையாக இருக்க வேண்டும். கைலி ஒட்டுக்கும் இதற்கும் கைப்பக்குவம் ஒன்றேதான். இங்கே நூலுக்குப் பதில் மரமே தைத்துக்கொள்கிறது.

1974 நவம்பரில் ரப்பர் விலை சரிந்து சாமான் விலை ஏறியபோது பாலிங்கில் ஆயிரக்கணக்கான சிறுதோட்டக்காரர்கள் தெருவில் இறங்கினார்கள். அப்படிப்பட்ட நாட்களில் புதுச்சட்டை யாருக்கு? 2022 ஜூலை 4இல் குனோங் இனாஸ் மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் குப்பாங் பகுதியில் மூன்று உயிர்களைக் கொண்டுபோனது. பிறகு சேறு அள்ளவும் வீடுகளைச் சீராக்கவும் ஆட்கள் கூடினார்கள். இப்படிக் கூடுவதற்கு மலாயில் கோத்தோங் ரோயோங் என்று பெயர். தோட்டத் தமிழர் வாயிலும் அது அப்படியேதான். பழுதான பொருளோடு அக்கம்பக்கத்தார் ஒரு கூடத்தில் சேர்ந்து சரிசெய்யும் ‘ரிப்பேர் கஃபே’ 2009இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கியபோது உலகம் வியந்தது. தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் அதற்குப் பெயர்ப்பலகை வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

அந்த வாசலில் மிகச் சாதாரணமான ஒட்டு, சைக்கிள் டியூப் ஒட்டுதான். பழைய டியூபிலிருந்து வட்டமாக ஒரு துண்டு. ஓட்டையைச் சுற்றி உப்புத்தாள் தேய்ப்பு. சொலூசன் தடவியதும் அவசரப்படக் கூடாது. விரலில் பிசுக்கு ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகே அழுத்த வேண்டும். காற்றடித்து, வாளித் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருகிறதா என்று எல்லாரும் குனிந்து பார்ப்பார்கள்.